சிவப்பு விழாத மாசம்

எங்க ஊர்ப் பக்கம் சம்பளம் கேக்கதுக்கு யாரும் கூச்சப்பட மாட்டாங்க. வண்ணார்பேட்டையில பஸ் ஏறி உட்கார்ந்தாப் போதும். பக்கத்துல இருக்க முகம் தெரியாத அம்மா முதல்ல எந்த ஊருன்னு கேப்பாங்க, அடுத்து எத்தனை பிள்ளைன்னு கேப்பாங்க, மூணாவது கேள்வி "எவ்வளவு தாராங்க?"ன்னுதான். என் கழுத்துல ஆஸ்பத்திரி அட்டை தொங்குதுல்லா, அதைப் பார்த்துட்டுத்தான். "ஏசியில உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுற வேலை. நாப்பது வருமாம்மா?" எனக்குச் சிரிப்பும் வரும், கோவமும் வரும். நாப்பதாயிரம் வாங்குறவ எதுக்கு இந்த நெரிசல்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்கப் போறா, நீங்களே சொல்லுங்க.

ஆனா ஆஸ்பத்திரிக்குள்ள அப்படியே தலைகீழ். அங்க ஒருத்தர் சம்பளத்தை இன்னொருத்தருக்குச் சொல்லக் கூடாது. வேலையில சேரும்போதே அதுக்குன்னு ஒரு கையெழுத்து வாங்கிருவாங்க. பஸ்ஸுல வந்த அம்மாவுக்குத் தெரிஞ்ச என் சம்பளம், நான் சேர்ந்த நாள்ல இருந்து பதினோரு வருஷமாப் பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருக்க மதினிக்குத் தெரியாது. அவங்களுது எனக்கும் தெரியாது.

நான் வேலை பாக்கது அட்மிஷன் கவுண்டர்ல. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோட ஆள் வந்தா பேரு, ஊரு, கூட யாரு இருக்கா, காப்பீட்டு அட்டை உண்டா, எந்த ரூம் வேணும்னு எல்லாம் கேட்டுக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும். முன்பணம் வாங்கணும், கையெழுத்து வாங்கணும், கையில பட்டையைக் கட்டி மாடிக்கு அனுப்பணும். விபத்து, நெஞ்சுவலின்னு ஓடி வாரவங்களுக்கு வேற வாசல், வேற கவுண்டர். எங்ககிட்ட வாரது நாள் குறிச்சு வாரவங்க. மூட்டு, குடலிறக்கம், கர்ப்பப்பைன்னு ஆபரேஷனுக்கு முந்தின நாளே பையும் பிளாஸ்குமா வந்து இறங்குவாங்க.

இந்த வேலைக்கு என்ன சம்பளம்னு யாராவது கேட்டா ஒரே பதில் சொல்ல முடியாது. சின்ன ஆஸ்பத்திரின்னா ஒண்ணு, பெரிய ஆஸ்பத்திரின்னா ஒண்ணு. ராத்திரி டியூட்டி பாத்தா கொஞ்சம் கூட. காப்பீட்டுக்காரங்ககிட்ட சண்டை போட்டு அனுமதி வாங்கத் தெரிஞ்சா அதுக்கு ஒரு மதிப்பு. மலையாளம் பேசத் தெரிஞ்சா அதுக்கு ஒண்ணு, செங்கோட்டை தாண்டி அந்தப் பக்கத்து ஆளுங்க நிறைய வாராங்கல்லா. ஆனா இது எல்லாத்தையும் விடப் பெரிசு, நீங்க யாரோட ஆளுங்கிறதுதான். ஆஸ்பத்திரி நேரா எடுத்த ஆளா, இல்ல ஏஜென்சி அனுப்பி வச்ச ஆளா?

எங்க கவுண்டர்ல மூணு பேர். நான் கடற்கரை ஊர்க்காரி, வேதக்காரி. வீட்டுக்காரர் தூத்துக்குடி துறைமுகத்துல இருக்காங்க. ரெண்டாவது மதினி. டவுன்ல பரம்பரைச் சைவக் குடும்பம், நெத்தியில திருநீறு இல்லாம நான் பார்த்ததே கிடையாது. வயசுல மூத்தவங்க, ஆஸ்பத்திரி முழுக்க அவங்களுக்கு மதினிதான் பேரு. மூணாவது பேட்டையில இருந்து வார துலுக்க வீட்டுப் பிள்ளை, ஏஜென்சி ஆளு. மூணு பேருக்கும் ஒரே வேலை, ஒரே கம்ப்யூட்டர், ஒரே திட்டு. அந்தப் பிள்ளை கையில வாரது மட்டும் ஒன்பதாயிரத்துச் சொச்சம். ரகசியம் எல்லாம் அதுகிட்ட நிக்காது, வந்த அன்னைக்கே சொல்லிட்டு.

அப்பத்தான் புது மேனேஜர் வந்தாரு. வயசு முப்பத்தஞ்சுக்குள்ள இருக்கும். பொறந்தது அம்பாசமுத்திரத்துப் பக்கம், படிச்சது வேலை பாத்தது எல்லாம் சென்னை. நல்ல மனுஷன்தான், ஆனா எதையும் மணியில அளந்தாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். வந்த கையோட கூடத்துல ஒரு டோக்கன் மெஷினை வச்சாரு. வாரவங்க பொத்தானை அமுக்கினா டோக்கன் வரும். அந்த நிமிஷத்துல இருந்து எங்க திரையில கடிகாரம் ஓடும். இருபது நிமிஷத்துக்குள்ள அட்மிஷன் முடிஞ்சா நம்பர் பச்சை, தாண்டினா சிவப்பு.

அதே வாரம் ஏஜென்சியில இருந்து அந்தப் பிள்ளைக்குப் போன் வந்துது, அடுத்த மாசம் முடிஞ்சதும் கோவில்பட்டிக்கு மாத்துதோம்னு. ஒன்பதாயிரத்துல கோவில்பட்டிக்குத் தினம் போயிட்டு வந்தா மிச்சம் என்ன நிக்கும்? அவ அண்ணன் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தான் போல. "வேலையை விட்டுட்டு வீட்டோட இரு, மாப்பிள்ளை பாக்கோம்"னுட்டான். அழுது அழுது மூக்கு வீங்கிப் போய் வந்து உட்கார்ந்தா. எனக்குப் பொறுக்கல. நேரா மேனேஜர் ரூமுக்குப் போய், "சார், இந்தப் பிள்ளை போச்சுன்னா கவுண்டர் படுத்துரும். ஆஸ்பத்திரி ஆளா எடுங்க"ன்னேன்.

அவர் யோசிச்சாரு. "சரிம்மா. வார மாசம் முழுக்க ஒரு டோக்கன்கூடச் சிவப்பு விழாம ஓட்டிக் காட்டுங்க. அதை வச்சு நான் மேலிடத்துல பேசுதேன். கேன்சல் பண்ணின டோக்கனும் சிவப்புக் கணக்குதான், சொல்லிட்டேன்."

"அவ்வளவுதானே?"ன்னுட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டு இறங்கி வந்தேன். மூணு பேரும் இருக்கையில இருபது நிமிஷம் என்ன பெரிய நேரம்?

நல்ல வேளை, மாசம் பிறக்க இன்னும் சில நாள் இருந்துது. அடுத்து வந்தது திங்கக்கிழமை. காலையில எட்டு மணிக்குத் திரையைப் பார்க்கேன், மாதாவே, வத்தல் காயப்போட்ட மாதிரிச் சிவந்து கிடக்கு! கூடம் நிறைய ஆளு, எல்லார் கையிலயும் டோக்கன். நம்பரைக் கூப்பிட்டா ஒருத்தரும் எந்திரிக்கல. சிரிச்ச முகமா, "நீங்க அடுத்த ஆளைப் பாருங்கம்மா, எங்களுக்கு அவசரம் இல்ல"ங்காங்க. அடுத்த ஆளும் அதையேதான் சொல்லுதாரு.

மதினி என்னைப் பார்த்து, "ஏளா, திங்கக்கிழமை ஏழரை ஒன்பது"ன்னாங்க.

ராகு காலம்! இத்தனை வருஷமாப் பாக்கதுதானே, கடிகாரம் ஓடாத வரைக்கும் அது ஒரு விஷயமாவே தெரியல. எங்க ஊர்ல ஆபரேஷனுக்கு வாரவங்க ராகு காலம் பிறக்கும் முன்னால வீட்டை விட்டுக் கிளம்பிருவாங்க. ராகு காலம் முடிஞ்சாத்தான் அட்மிஷன் போடுவாங்க. நடுவுல உள்ள ஒண்ணரை மணி நேரமும் எங்க கூடத்துலதான் இருப்பு. வந்ததும் இடம் போயிரக் கூடாதுன்னு ஓடிப்போய்ப் பொத்தானை மட்டும் அமுக்கிருவாங்க.

மேனேஜர்கிட்ட சொன்னோம். "பேஷண்டுங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க"ன்னாரு. வயித்தைக் கிழிச்சுக்க வந்திருக்க மனுஷனுக்கு நான் என்னத்தை எடுத்துச் சொல்ல? "சார், அவங்க பயத்துல வந்திருக்காங்க. அந்த ஒண்ணரை மணி நேரந்தான் அவங்களுக்குத் தைரியம்"னேன். அவரு சிரிச்சாரு.

வழி கண்டுபிடிச்சது அந்தப் பிள்ளைதான். ஒரு அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கிட்டு நாற்காலி நாற்காலியாப் போனா. "டோக்கன் அப்புறம் எடுத்துக்கலாம் பெரியம்மா. விவரத்தை மட்டும் இப்பச் சொல்லுங்க, உங்க இடம் எங்கயும் போகாது"ன்னா. முதல்ல கேட்ட அம்மா சந்தேகமா மதினி நெத்தியைப் பார்த்தாங்க. விவரம் சொல்லுதது ஆரம்பமா இல்லையான்னு தீர்ப்புச் சொல்லத் தகுதி உள்ள நெத்தி அது ஒண்ணுதானே. மதினி கண்ணை மூடி நிதானமா யோசிச்சு, "பேரு ஊரு சொல்லுதது ஆரம்பம் இல்ல. பணம் கட்டுததும் கையெழுத்துப் போடுததுந்தான் ஆரம்பம்"னாங்க. கூடமே தலையை ஆட்டிட்டு.

அவ்வளவுதான், மாசம் பிறந்ததும் பிடிச்சோம் பாருங்க! வாசல்ல செக்யூரிட்டி அண்ணாச்சி மெஷினை மறிச்சு நின்னுக்கிட்டு, "பைய, பைய! இப்பம் அமுக்காதீங்க, உட்காருங்க"ன்னு ஆளை அனுப்புவாரு. நாங்க மாத்தி மாத்தி நாற்காலிக்குப் போய் விவரத்தை எழுதி ஏத்தி வச்சிருவோம். ராகு காலம் முடிஞ்ச நிமிஷம் அண்ணாச்சி கையை எடுப்பாரு. டோக்கன், பணம், கையெழுத்து, கையில பட்டை, போ மேல! அடுத்தது! தேர் வடம் பிடிச்ச மாதிரி ஒரு வேகம். ஒவ்வொரு நம்பரும் பச்சையா விழுதப்போ அந்தப் பிள்ளை மேஜைக்கு அடியில காலைத் தட்டித் தாளம் போடுவா. எனக்கும் உள்ளுக்குள்ள குதியாட்டம்தான். இத்தனை வருஷத்துல வேலைக்குப் போக இப்படிப் பறந்துக்கிட்டுக் கிளம்பினது அந்த ஒரு மாசந்தான்.

எனக்கு ஜெபமாலையில மணி தப்பினாலும் தப்பும், ராகு காலம் தப்பாது, அப்படி ஆகிப்போச்சு. அந்தப் பிள்ளையும் அப்படித்தான். புதன் பன்னெண்டு ஒண்ணரை, வியாழன் ஒண்ணரை மூணுன்னு தூக்கத்துல சொல்லுதாளாம், அவ உம்மா கவலைப்பட்டு என்கிட்ட போன்ல கேட்டாங்க. எங்க பங்குச் சாமியார் காதுல விழுந்தா நான் என்ன ஆவேன்னு தெரியல. நம்பிக்கை உள்ள மதினிதான் அடிக்கடி கிழமையை மறந்துட்டு எங்ககிட்ட கேப்பாங்க.

மாசத்தோட கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அதுவரைக்கும் ஒரு சிவப்பு இல்ல. ஒன்பதரை மணி போல மேனேஜர் வேலைக்கு வந்தாரு, கையில ஒரு துணிப்பை. "எங்க அம்மாவுக்கு நாளைக்கு முட்டி ஆபரேஷன். அம்மா பின்னால கார்ல வாராங்க. பை இங்கன இருக்கட்டும்"னு மதினி காலடியில வச்சிட்டு மாடிக்குப் போயிட்டாரு.

வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு. பத்தே முக்கால் இருக்கும், வாசல்ல ஒரு சக்கர நாற்காலி படியில மாட்டிக்கிட்டு, செக்யூரிட்டி அண்ணாச்சி அதைத் தூக்க ஓடினாரு. அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா, பட்டுக்கரைச் சேலையும் கையில கம்புமா, விந்தி விந்தி வந்து மெஷின்ல ஒரே அமுக்கு. டோக்கன் வந்துட்டு!

நான் எந்திரிச்சு ஓடினேன். "அம்மா, வாங்க, உடனே போட்டுருவோம்."

"எதுக்கு உடனே? பன்னெண்டு அடிக்கட்டும், வாரேன்"னு நாற்காலியில சாவகாசமா உட்கார்ந்தாங்க.

கெஞ்சினேன். அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சுக் கெஞ்சினா. "எலும்பை அறுக்கப் போறாவ, ராகு காலத்துல எழுதச் சொல்லுதியே, நல்லாருக்கா?"ன்னு அவளையே திருப்பிக் கேட்டாங்க. அந்தப் பிள்ளைக்குக் கண்ணு கலங்கிட்டு. திரையில கடிகாரம் ஓடுது. அப்பத்தான் மேனேஜர் மாடியில இருந்து இறங்கி வந்து, "அம்மா, வந்துட்டீங்களா?"ன்னாரு.

அவரோட அம்மா! எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. அவரு திரையைப் பார்த்தாரு, எங்களைப் பார்த்தாரு, முகம் சுண்டிப் போச்சு. "அம்மா, இது வெறும் காகிதம்தான், ஒரு கையெழுத்து"ன்னு குனிஞ்சு சொல்லுதாரு. "உங்க அப்பா கண் ஆபரேஷனுக்கும் இப்படித்தான் அவசரப்பட்ட"ன்னு அவங்க ஒரே போடு. கேன்சல் பண்ணவும் முடியாது, அவர் போட்ட சட்டம். பதினாலு நிமிஷம் ஓடிட்டு.

மதினி பைய எந்திரிச்சு, காலடியில இருந்த பையை எடுத்துக்கிட்டு அந்த அம்மா முன்னால போய் நின்னாங்க.

"இது உங்க பைதானே? இதுல நீங்க உடுத்துத சேலை இருக்கா?"

"இருக்கு, ரெண்டு."

"இது ஒன்பதரைக்கே இங்கன வந்துட்டு. நல்ல நேரம். பரஸ்தானம் ஆயிட்டுல்லா?"

பரஸ்தானம்னா என்னன்னு மதினி எனக்கு முன்னமே சொல்லியிருக்காங்க. பயணம் போற நேரம் சரியில்லன்னா, நல்ல நேரத்துலயே தன்னோட துணி ஒண்ணைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுல வச்சிருவாங்களாம். அப்பவே கிளம்பினதாக் கணக்கு. அப்புறம் எந்த நேரத்துல போனாலும் தோஷம் இல்ல.

அந்த அம்மா லேசுப்பட்ட ஆளா? "நினைச்சு வச்சாத்தான் பரஸ்தானம். இவன் சும்மா வச்சிட்டுப் போயிருப்பான்."

"நம்ம நினைக்கலன்னா என்ன, நெல்லையப்பர் நினைச்சிருக்காரு. இல்லன்னா இவரு ஏன் அதை மாடிக்குக் கொண்டு போகாம என் காலடியில வைக்கணும்?"

கூடத்துல விவரம் சொல்லிட்டுக் காத்திருந்த எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. பின் வரிசையில இருந்து ஒருத்தர், "சரிதானே, சேலை வந்துட்டா ஆளு வந்த மாதிரிதான்"னாரு. அந்த அம்மா மகனைப் பார்த்தாங்க, பையைப் பார்த்தாங்க, கம்பை ஊன்றி எந்திரிச்சாங்க. "எங்க போடணும் கையெழுத்து?"

நான் தட்டின வேகத்துக்கு அன்னைக்கு விசைப்பலகை உடையாததே பெரிசு. மேனேஜர் பணத்தைக் கட்டுதாரு, மதினி பட்டையைக் கட்டுதாங்க, அந்தப் பிள்ளை பிரிண்டர்கிட்ட நின்னு "வா, வா, வா"ங்கா. பச்சை! பதினெட்டாவது நிமிஷத்துல பச்சை! நான் கத்தின கத்துல மாடி நர்சு எட்டிப் பார்த்துச்சு.

மேனேஜர் சொன்ன சொல்லு தவறல. அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரி ஆளா எடுத்துட்டாங்க. அவ அண்ணனே அல்வா வாங்கிட்டு வந்து கவுண்டர்ல கொடுத்தான், நான் ரெண்டு துண்டு எடுத்துக்கிட்டேன்.

மறு மாசக் கடைசி. மதியம், கூடத்துல கூட்டம். அவ போன்ல சம்பளம் ஏறின சத்தம் கேட்டுது. எடுத்துப் பார்த்தவ நாற்காலியை விட்டு ஒரே துள்ளு. "அக்கா! பதினேழாயிரத்து முந்நூறு! அல்லாவே, பதினேழாயிரத்து முந்நூறு!"

சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போவுது அதுக்கு? நாற்காலியில இருந்தவங்க கை தட்டினாங்க. ஒருத்தர், "பிடித்தம் போகவா?"ன்னு கேட்டாரு. நானும் அவளைக் கட்டிப்பிடிச்சுக் குதிச்சேன். குதிச்சு முடிச்சு உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைச்சுது. எனக்கு வாரது பதினாலரை.

வயிறு எரிஞ்சுது. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே எரிஞ்சுது. பைபாஸ் பக்கம் புதுசு புதுசா ஆஸ்பத்திரி வந்து ஆளை இழுக்காங்க, அதனால புதுசாச் சேர்றவங்களுக்கு ஆரம்பச் சம்பளத்தை ஏத்திட்டாங்க. பழைய ஆளுங்களுக்கு வருஷத்துக்கு ஐந்நூறு, அதே பழைய கணக்கு. எங்கயும் போக மாட்டோம்னு தெரியும்லா. அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவம் இல்ல, அவளுக்கு அது வந்ததுல மனசு நிறைஞ்சுதான் இருந்துது. அவளுக்கு அதுக்குள்ள விஷயம் புரிஞ்சிட்டு, முகம் வெளுத்துப் போய் மதினியையே பாத்துக்கிட்டு இருந்தா.

மதினி சொன்னாங்க, மெல்ல இல்ல, கூடத்துக்கே கேக்க மாதிரி: "எனக்குப் பதினஞ்சே முக்கால் வருது. பதினெட்டு வருஷம்."

அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு மாடிப்படி ஏறினாங்க. நான் பின்னாலயே ஓடினேன். கவுண்டரை அந்தப் பிள்ளை பாத்துக்கிட்டா.

கிடைச்சுதான்னு கேப்பீங்க. கிடைச்சுது, எங்க ரெண்டு பேருக்கும், ரெண்டு மாசம் இழுத்தடிச்சுத்தான். ஆனா எனக்கு அதைவிட அந்த ரூமுக்குள்ள நடந்ததுதான் இன்னும் நெஞ்சுல நிக்குது. மேனேஜர் எந்திரிச்சு நின்னு மதினியை உட்காரச் சொன்னாரு. அவங்க உட்காரல. நின்னபடியே எல்லாத்தையும் சொன்னாங்க. அவரு கேட்டுட்டு, குத்திக் காட்டாம, நிஜமாவே புரியாமத்தான் கேட்டாரு:

"இவ்வளவு வருஷம் இருந்திருக்கீங்க. ஒரு தடவைகூட நீங்க சம்பளத்தைக் கூட்டிக் கேக்கவே இல்லையே மதினி, ஏன்?"

நானும் கேட்டவ இல்லையே. அந்தப் பிள்ளைக்காக நெஞ்சை நிமித்திக்கிட்டு இதே ரூமுக்கு வந்தவதான் நான். எனக்காக ஒருநாளும் அந்தப் படி ஏறினது இல்ல.

மதினி மேஜை மேல ரெண்டு கையையும் ஊன்றினாங்க.

"இப்பம் கேக்கேன்"னாங்க.